இருபது படங்களில் ஒரு பிஸ்மி

மகள் தன் புதிய மிரர்லெஸ் கேமராவை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஒரு நொடியில் இருபது படங்கள், சத்தமே இல்லை. அந்த நிசப்தத்தில், மட்டாஞ்சேரி வீட்டில் அண்ணன் காசிம் காக்கா வைத்திருந்த கையடக்கக் கேமராவின் ‘கிளிக்’ என் காதில் விழுந்தது.

துபாயிலிருந்த வாப்பா, உம்மாவின் படம் ஒன்று கேட்டிருந்தார். பிலிமில் மிச்சமிருந்ததும் ஒன்றே. பெருநாள் காலை, கிடங்குகளின் சுக்கு வாசனை நிறைந்த முற்றத்தில் உம்மா தலையில் பட்டுத் தட்டத்தை இழுத்துவிட்டு நின்றார்.

“உம்மா, இதுலயாவது வாயை மூடி மிண்டாம நில்லுங்க!” என்றார் காக்கா.

“அல்லா பேரால பிஸ்மி சொல்லாம எதைடா தொடங்குறது?”

கழுவி வந்த படத்தில் உம்மாவின் வாய் பாதி திறந்திருந்தது. காக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். வேறு வழியின்றி அதையே அனுப்பினோம். வாப்பா பதில் எழுதினார்: “நீ பிஸ்மி சொன்னது இங்கே கேட்டது.”

“உம்மா, இருபதுலயும் வாய் அசையுது! அழிச்சிட்டு வேற எடுக்கட்டா?” என்றாள் மகள்.

என்னையறியாமல் நானும் பிஸ்மி சொல்லியிருக்கிறேன். கேமராவை வாங்கிப் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். உதடுகள் சேர்ந்தன, விரிந்தன, மறுபடி சேர்ந்தன. பழைய கேமராவுக்கு உம்மாவிடமிருந்து ஓர் எழுத்துதான் கிடைத்தது. இதில் முழுச் சொல்லும் இருந்தது.

“ஒண்ணைக்கூட அழிக்காதே மோளே!”