கடற்கரையில் அர்ச்சனைத் தட்டு

தாட்சாயிணியைப் பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் மாங்காடு கோயிலில்தான் பார்த்தாக வேண்டும். அது அவளுடைய தாய்மாமன் கன்னியப்பன் போட்ட சட்டம். வீட்டுக்கு வந்து சொஜ்ஜி பஜ்ஜி தின்றுவிட்டுப் போனால் வேலப்பன்சாவடி ஊரே அதற்குச் சாட்சியாகிவிடும். நாளைக்கு அந்த இடம் தட்டிப்போனால் தெருவில் தலைகாட்ட முடியாது. கோயிலில் அந்தத் தொல்லை கிடையாது. அவர்களும் சாமி கும்பிட வந்தவர்கள், நாமும் சாமி கும்பிட வந்தவர்கள். பிராகாரத்தில் தற்செயலாக எதிரெதிரே வரவேண்டியது, ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டியது, வாயைத் திறக்காமல் கலைந்துவிட வேண்டியது. பிடித்திருந்தால் தரகர் வருவார். பிடிக்காவிட்டால் யார் யாரைப் பார்த்தார்கள் என்பது அம்மனுக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மனோடு சேர்த்து வாசலில் பூ விற்கும் தாயம்மாவுக்கும் தெரியும் என்பதைக் கன்னியப்பன் யோசிக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அடையாளம் கண்டுகொள்வதற்காக ஒவ்வொரு தடவையும் தாட்சாயிணிக்கு அதே மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவை, கையில் தேங்காய் பழத்தோடு அதே அர்ச்சனைத் தட்டு. ஒரு தடவை பார்த்தால் பக்தி என்று நினைக்கலாம். மாதா மாதம் பார்த்தால் தாயம்மா என்ன, குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

"இன்னிக்கி எந்த ஊரு பார்ட்டி கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே தாயம்மா பூவை முழம் போடுவாள். "போன மாசம் நெட்டையா ஒண்ணு வந்துச்சே, அது தேவல. இன்னிக்கி உள்ள போயிகீறது சுத்த வழுக்க."

இது தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் கதை. தாட்சாயிணிக்கு வயது இருபத்தாறு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் காயில் சுற்றும் வேலை. முடி மாதிரி மெல்லிய செப்புக் கம்பியை அறுந்துபோகாமல் சுற்றவேண்டும். அதில் அவள் கை ராசியான கை என்று அந்த வரிசையையே அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் அவளை "லீடரக்கா" என்று கூப்பிடுவார்கள். மத்தியானம் அத்தனை பேர் டிபன் பாக்ஸிலிருந்தும் ஒரு வாய் அவளுக்கு வந்து சேரும். வீட்டில் யாரும் அவளிடம் எதையும் கேட்பதில்லை. கம்பெனியில் அவளைக் கேட்காமல் யாரும் எதையும் செய்வதில்லை. அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு வீட்டுக்குள் போய் உட்காருவதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

ஆனால் வருகிற இடமெல்லாம் தரகர் மூலமாக ஒரே கேள்வியைத்தான் கேட்டது. கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுவிடுவாளா? கேள்வி முடிவதற்குள் அவள் அம்மா ராஜம்மா, "வுட்டுடுவா, வுட்டுடுவா" என்று இரண்டு தடவை சொல்லிவிடுவாள். அதனால் தாட்சாயிணி சன்னதியில் கண்ணை மூடிக்கொண்டு, இந்த இடம் அமையக்கூடாது தாயே என்று வேண்டிக்கொள்வாள். கல்யாணம் ஆகவேண்டும் என்று நெருப்பின் நடுவில் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்தவள் மாங்காட்டு காமாட்சி. அவளிடமே போய்க் கல்யாணம் வேண்டாமென்று கேட்ட பெண் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும். அம்மன் அதையும் தட்டாமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.

கடைசியில் ஒருநாள் அர்ச்சகரே சங்கல்பம் சொல்லும்போது இவள் பெயர், நட்சத்திரம் எல்லாவற்றையும் கேட்காமலே சொல்லிவிட்டார். கன்னியப்பனுக்குச் சுருக்கென்றது. "இனிமே இந்தக் கோயிலு வேணாங்க்கா. பேரு கெட்டுப்போச்சு" என்றான் ராஜம்மாவிடம்.

அந்த நேரத்தில்தான் உத்தமனின் ஜாதகம் வந்தது. சைதாப்பேட்டைப் பையன். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் விமானத்துக்கு மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. அப்பா இல்லை, அம்மா வேம்புலியம்மாள் மட்டும்தான். எங்கே வைத்துப் பார்க்கலாம் என்று தரகர் கேட்டபோது, வேலை முடிந்து தான் வழக்கமாகப் போய் உட்காரும் கடற்கரை ஒன்று இருக்கிறது, கூட்டமே இருக்காது, அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று அவன் சொல்லி அனுப்பினான். அடையாறு கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு குப்பத்தை ஒட்டிய கரை. இறங்குகிற விமானமெல்லாம் அதன் தலைக்கு மேலேதான் போகும். வேலப்பன்சாவடியிலிருந்து பார்த்தால் ஏர்போர்ட்டும் கடலும் ஒரே திசையில்தான் இருந்தன. அதனால் கன்னியப்பனுக்கு இரண்டும் அக்கம்பக்கத்து வீடு மாதிரி.

கன்னியப்பன் உடனே சம்மதித்தான். ஆவடி டாங்கி ஃபேக்டரியில் அவன் ஃபிட்டர். காணும் பொங்கலுக்கு மெரினா போனதைத் தவிர அவன் வேறு கடலைப் பார்த்ததில்லை. கடற்கரை என்றால் எள் போட்டால் எள் விழாத கூட்டம், அதில் யாரும் யாரையும் கவனிக்கமாட்டார்கள் என்பது அவன் கணக்கு. கூட்டம் இருக்காது என்று அந்தப் பையன் சொன்னதை, மெரினா அளவுக்கு இருக்காது என்று இவன் எடுத்துக்கொண்டான். அதனால் அடையாளத்தில் மட்டும் எந்த மாற்றமும் செய்யவில்லை. "மயில்கழுத்துப் பொடவ, கையில அர்ச்சனத் தட்டு" என்று தரகரிடம் அழுத்திச் சொல்லி அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தார்கள். கரையில் ஒரு நாய் படுத்திருந்தது. கவிழ்த்துப் போட்ட கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து ஒருவர் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல், மணலை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்த பெரிய பெரிய அலை. அந்த வெட்டவெளியின் நடுவில் பட்டுப்புடவையோடும் தேங்காய்த் தட்டோடும் தாட்சாயிணி நின்றாள். தற்செயலாக வந்தவள் மாதிரித் தெரியவேண்டும் என்பது ஏற்பாடு.

அவள் அப்பா செங்கல்வராயனுக்கு எஸ்டேட்டில் நைட் வாட்ச்மேன் வேலை. பகலில் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவார். இங்கேயும் மணலில் உட்கார்ந்ததும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

வலை தைத்துக்கொண்டிருந்த முனியன் தட்டைப் பார்த்தார், தேங்காயைப் பார்த்தார், தலை தொங்கியிருந்த செங்கல்வராயனைப் பார்த்தார். தேங்காய் பழத்தோடு அந்தக் கரைக்கு வருகிறவர்கள் ஒரே காரியத்துக்குத்தான் வருவார்கள். எழுந்து வந்து கன்னியப்பனிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "யாரு நைனா தவறிட்டாங்க?"

பெண் பார்க்க வந்திருக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்துபோயிருக்கும். ஆனால் ரகசியம் ரகசியம்தானே. "எங்க பெரிப்பா" என்றான் கன்னியப்பன்.

"வயசானவரா?"

"வயசானவருதான்."

"ஒடம்புக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல. திடீர்னு பூட்டாரு."

அந்தப் பெரியப்பா பிறந்தே ஒரு நிமிஷம்தான் ஆகியிருந்தது. அதனால் திடீரென்று என்பதில் பொய் இல்லை.

"ஐயரு வர்றதுக்குள்ள முழுவிட்டு வந்துரு" என்றார் முனியன். "அல ஜாஸ்தியா கீது. நீ தனியா எறங்காத, நான் புடிச்சிக்கிறேன். சட்டையக் கயட்டு."

"இல்ல, எனக்குக் கொஞ்சம் சளி..."

"செத்தவருக்கு நீ முழுவாம வேற யாரு முழுவுவாங்க? ஊருக்காரன் நானே வர்றேன், சொந்தக்காரன் பின்வாங்கறியே. வா!"

கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கன்னியப்பன் கடலுக்குப் போனான். முதல் அலை அவனைப் புரட்டிப் போட்டது. இரண்டாவது அலை வேட்டியைக் கேட்டது. முனியன் ஒரு கையால் அவனையும் மறு கையால் வேட்டியையும் பிடித்துக்கொண்டு, "பெரிப்பாவ நெனச்சிக்கோ! நல்லா நெனச்சிக்கோ!" என்று கத்தினார். இல்லாத பெரியப்பாவை நினைத்துக்கொண்டு கன்னியப்பன் உப்புத் தண்ணீரைக் குடித்தான்.

சரியாக அந்த நேரத்தில் உத்தமனும் வேம்புலியம்மாளும் வந்து சேர்ந்தார்கள். ஏற்பாட்டின்படி அவர்கள் வேறு எதையோ பார்ப்பது போல நிற்கவேண்டும். வேறு எதையும் பார்ப்பதற்கு அங்கே இல்லை. நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அப்புறம் எல்லோரும் போல அவர்களும் கடலில் மூழ்கி எழுந்துகொண்டிருந்த கன்னியப்பனைப் பார்த்தார்கள்.

முனியன் சொட்டச் சொட்டக் கரையேறி வேம்புலியம்மாளிடம் போனார். "எம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பாவம், சாவு ஊட்டுக்காரங்க. காரியம் நடந்துகினு கீது."

வேம்புலியம்மாள் மயில்கழுத்துப் புடவையைப் பார்த்தாள், அர்ச்சனைத் தட்டைப் பார்த்தாள். "அடப்பாவிங்களா! ஊட்ல சாவ வெச்சிகினு பொண்ணு காட்ட வந்துகீறாங்களே!" என்று மகனிடம் பல்லைக் கடித்தாள். இருந்தாலும் தீர விசாரிக்காமல் போகக்கூடாது என்று, எட்ட நின்றபடியே ராஜம்மாவைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள். "யாரும்மா செத்தது?"

அந்தச் சமயம் பார்த்துத் தலைக்கு மேல் ஒரு விமானம் காதைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. ராஜம்மாவுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. மாப்பிள்ளையின் அம்மா ஏதோ கேட்கிறாள் என்பது மட்டும் தெரிந்தது. பெண்ணைப் பெற்றவள் என்ன செய்வாள்? வாயெல்லாம் பல்லாகச் சிரித்துத் தலையை ஆட்டினாள்.

"சாவுக்கு சிரிக்குதுடா இந்தம்மா! நட, போலாம்" என்றாள் வேம்புலியம்மாள்.

உத்தமன் நகரவில்லை. அவன் வாயைப் பொத்திக்கொண்டு கன்னியப்பனின் வேட்டிப் போராட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் தாட்சாயிணியும் தட்டை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு அதற்கேதான் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பியதில் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டார்கள். ஓரக்கண்ணால் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். நேராகப் பார்த்துச் சிரித்தவன் இவன்தான். அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது. பிடித்த அதே கணத்தில், அவன் அம்மா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதும் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒரு இடம் தட்டிப்போகிறதே என்று அவளுக்குப் பகீரென்றது.

தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மணலில் விறுவிறுவென்று நடந்தாள். "ஏய், எங்கடி போற? நாமளா போயி பேசக்கூடாதுடி!" என்று ராஜம்மா பின்னாலிருந்து கத்தினாள்.

தாட்சாயிணி வேம்புலியம்மாளுக்கு எதிரே போய் நின்று, "எங்க ஊட்ல..." என்று ஆரம்பித்தாள். அடுத்த விமானம் வந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. கம்பெனியில் மெஷின் சத்தத்தில் கத்திப் பழகிய தொண்டை. குரலை ஏற்றிக்கொண்டே போனாள். விமானம் சட்டென்று கடந்துபோக, உச்சக் குரலில் இருந்தது அவள் மட்டும்தான். "யாரும் சாவல! என்னப் பொண்ணு பாக்கத்தான் வந்துகீறீங்க! நானும் உங்க புள்ளயப் பாக்கத்தான் வந்துகீறேன்!"

குப்பம் முழுக்கக் கேட்டது. குடிசை வாசல்களில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து வந்தார்கள். செங்கல்வராயன் தூக்கம் கலைந்து, "எங்க, மாப்ள வந்தாச்சா?" என்றார். முனியன் கன்னியப்பனைத் திரும்பிப் பார்த்து, "அப்போ பெரிப்பா?" என்றார். கன்னியப்பன் ஈர வேட்டியைப் பிழிவதில் மும்முரமானான்.

எல்லாம் விளக்கி முடிப்பதற்குள் நாலைந்து விமானம் இறங்கிவிட்டது. பெரியப்பா என்று ஒருவர் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை என்று தெரிந்ததும் வேம்புலியம்மாளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மூச்சு வந்த கையோடு வழக்கமான கேள்வியும் வந்தது. "சரி, கண்ணாலம் ஆனா பொண்ணு வேலய வுட்டுடும் இல்ல?"

"வுட்டுடு..." என்று ராஜம்மா தொடங்கினாள்.

"வுட மாட்டேன்" என்றாள் தாட்சாயிணி.

இதோடு முடிந்தது என்று நினைத்தாள். பிடித்தவனையும் சேர்த்து விட்டுவிட்டோமே என்று தோன்றியது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

உத்தமன்தான் அம்மாவுக்குப் பதில் சொன்னான். "எனக்கு வாரா வாரம் ஷிப்டு மாறும்மா. நான் ஊட்ல கீறதே அபூர்வம். அது வேலய வுட்டுட்டு வந்து யார் மூஞ்சியப் பாத்துகினு ஒக்காந்துகினு கெடக்கும்? வேலக்கிப் போவட்டும்." அப்புறம் அவள் பக்கம் திரும்பினான். "எனக்கு சம்மதம். உனக்கு என்னப் புடிச்சிகீதா?"

தாட்சாயிணி திகைத்துப்போனாள். முடியாது என்று சொல்வதற்கு அவளிடம் ஆயிரம் பதில் தயாராக இருந்தது. இந்தக் கேள்விக்கு ஒன்றுமே இல்லை. இத்தனை பேர் பார்த்துவிட்டுப் போனதில் ஒருத்தர்கூட அவளிடம் இதைக் கேட்டதில்லை. பெற்றவர்களும் கேட்டதில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"கால நனைச்சிட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அலையை நோக்கி நடந்தாள்.

இரண்டு வீட்டாரும், முனியனும், மீன்கூடைப் பெண்களும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் முழங்கால் வரை வந்து பட்டுப்புடவையை நனைத்தது. ராஜம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாடா இது அநியாயம்? பொண்ணு பதில் சொல்ற வரைக்கும் மாப்ள ஊட்டுக்காரங்க காத்துகினு நிக்கிறதா?" என்று வேம்புலியம்மாள் புலம்புவது கேட்டது.

"நில்லும்மா" என்றான் உத்தமன். "அது எத்தினி பேருக்கு நின்னுகீதோ."

அது தாட்சாயிணியின் காதில் தெளிவாக விழுந்தது. அழுகை வந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் உப்புத் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டாள். பிறகு திரும்பி நின்று, அம்மாவையும் மாமனையும் பார்க்காமல், அவனைப் பார்த்து, குப்பத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"புடிச்சிகீது!"