ஒரு கட்டைவிரல் இடம்

"மூலையைப் பிடிச்சியா, இல்ல அதுக்கும் பச்சை விளக்கு எரியணுமா?"

பஞ்சுப் போர்வையின் உறைக்குள் தோள்வரை புகுந்துகொண்டு டிலிஸ் போவன் கேட்டாள். வெளியே தெரிந்தது இடுப்புக்குக் கீழே உள்ள டிலிஸ் மட்டும்: பழுப்புக் காற்சட்டை, கம்பளிச் செருப்பு. போர்வையின் இரண்டு முனைகளை உறையின் இரண்டு முனைகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. மகள் கேரிஸ் வெளியிலிருந்து அவற்றைப் பிடித்துக்கொள்ள, அம்மா பின்னாலேயே நடந்து வெளியே வருவாள். தலைமுடி ஆந்தைக் குஞ்சு மாதிரி சிலிர்த்து நிற்கும். பிறகு அடுத்த படுக்கை.

கேரிஸ் ரயில்வே சிக்னல் பொறியாளர். க்ரூ நகரத்தில் வேலை. உறையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போர்வையோடு சேர்த்துச் சுருட்டினால் ஒரே ஆள் போதும் என்று அம்மாவுக்குப் பல தடவை விளக்கியிருக்கிறாள். ஒரு தடவை படம்கூட வரைந்து காட்டினாள்.

"அப்புறம் நீ எதுக்கு வருவே?" என்றாள் டிலிஸ்.

அதனால், பள்ளி விடுதி பூட்டும் வார இறுதிக்கு முந்தின வியாழக்கிழமைகளில் கேரிஸ் ஆஸ்வெஸ்ட்ரிக்கு வந்துவிடுவாள். அன்று தண்டவாள வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். கிளம்பும்போது பூட்ஸை மாட்டினாள். டிலிஸ் குனிந்து அதன் முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

"என்னடி இது, கல்லாட்டம்?"

"இரும்பு முனைம்மா. மேல என்ன விழுந்தாலும் விரலுக்கு ஒண்ணும் ஆகாது."

"அது சரி. உள்ள விரல் எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியறது?"

"எனக்கு நாப்பத்தோரு வயசு. என் கால் இனிமே வளராது."

"ஆமா, பெரிய மனுஷி. போ, போய் ரயிலை ஓட்டு."

இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அந்தப் படுக்கைகள்தான்.

வெளிநாட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு உள்ளூரில் ஒரு கார்டியன் இருந்தாக வேண்டும். விடுதி பூட்டினால் கூட்டிப்போக, காய்ச்சல் வந்தால் வந்து நிற்க, பல் டாக்டரிடம் கையெழுத்துப் போட. ஒரு நிறுவனம் ஆட்களைச் சரிபார்த்து இந்த வேலைக்கு அமர்த்துகிறது. டிலிஸ் அதற்கு முன்னால் கால்நடை மருத்துவமனை ஒன்றில் முன்மேசையில் இருந்தவள். கணவர் போன பிறகு மாடி அறைகள் சும்மா கிடந்தன. அதனால் சேர்ந்தாள்.

பிள்ளைகளிடம் "எப்படி இருக்கே?" என்று அவள் கேட்டதே இல்லை. "நல்லா இருக்கேன்னுதான் சொல்லும். கூட்டிட்டு வந்த உடனே பொய் சொல்ல வைக்கணுமா?" என்பாள். அதற்குப் பதில், காயாத சாக்ஸ் ஏதாவது பையில் கிடக்கிறதா என்று கேட்பாள். சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்பாள். இந்த இரண்டிலேயே முக்கால்வாசி தெரிந்துவிடும் என்பது அவள் கணக்கு.

காருக்கு ஒரு சட்டம் உண்டு. பள்ளி வாசலிலிருந்து பெட்ரோல் நிலையத்து ரவுண்டானா வரைக்கும் யாரும் பேசக் கூடாது. "அழறவங்க இப்பவே அழுது முடிச்சுக்கலாம். ரவுண்டானா தாண்டினா பிஸ்கட்." முன்சீட்டில் பிஸ்கட் டப்பாவுக்கு சீட் பெல்ட் போட்டிருப்பாள்.

அவள் வடித்த சோறு எப்போதும் குழைந்துபோகும். ஹாங்காங் பையன் ஒருவன் ஊருக்குப் போகும்போது தன் குக்கரையே விட்டுவிட்டுப் போனான். அதிலும் குழைந்தது. பிள்ளைகள் அதைத் தட்டோடு ஃபோனில் அம்மாவுக்குக் காட்டிச் சிரிப்பார்கள். தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும் என்று கேரிஸ் சொன்னாள். டிலிஸ் குறைக்கவில்லை. "சிரிக்கறதுக்கு அவங்களுக்கு வேற என்ன இருக்கு?"

கட்டைவிரல் பழக்கம் தாய்லாந்துப் பையன் தனவத்தோடு வந்தது. அமைதியான பையன். வாரம் தவறாமல் வீட்டோடு வீடியோவில் பேசுவான். ஒரு குளிர்காலம் முழுக்க இறுகிப்போன ஷூவிலேயே நடந்திருக்கிறான். பெருவிரல் நகம் சதைக்குள் இறங்கிச் சீழ் வைத்து, சாக்ஸில் ரத்தம் தெரிந்த அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, தொந்தரவு கொடுக்க விரும்பவில்லை என்றான். அன்றிரவு டிலிஸ் மகளுக்கு ஃபோன் செய்தாள்.

"ஃபோன்ல எல்லாரும் மூஞ்சியைத்தான்டி பாக்கறாங்க. காலை யாரு பாக்கறா?"

அதற்குப் பிறகு, எந்தப் பிள்ளை வீட்டுக்குள் வந்தாலும் கூடத்து முக்காலியில் உட்கார வைத்து, முன்னால் மண்டிபோட்டு, ஷூ முனையை அழுத்திப் பார்ப்பாள். ஒரு கட்டைவிரல் இடம் காலியாக இருக்க வேண்டும். ஒரு வங்கி அதிபரின் மகனுக்கும் இதேதான். பெற்றவர்கள் ஃபோனில் மார்க்கு கேட்டால், "மார்க்கு ஸ்கூல் சொல்லும். நான் கால் அளவு சொல்றேன், எழுதிக்குங்க" என்பாள்.

அந்தக் கடைசி வார இறுதிக்கு வந்தவர்களில் ஒருத்தி சௌலே. கஜகஸ்தான் பெண், பதின்மூன்று வயது. தாய் இல்லை. தகப்பன் எண்ணெய் வயலில் வேலை பார்க்கிறார். வேலை முறை முடிந்து அவர் வெளியே வரும் நாட்களில்தான் ஃபோன் பேச முடியும். ஞாயிற்றுக்கிழமை மாலை, பிள்ளைகளை விடுதியில் விட்டுவிட்டு வந்து, டிலிஸ் கேரிஸுக்கு ஃபோன் செய்து சிரித்தாள்.

"இந்தத் திருட்டுக் கழுதை என்ன பண்ணிச்சு தெரியுமா? நான் அழுத்தறேன், உள்ள விரலைச் சுருட்டிக்குது! இடம் இருக்கற மாதிரி காட்டுது!"

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"முகத்தைப் பாத்தேன். அவ்வளவு நல்ல பிள்ளையா யாரும் உட்கார மாட்டாங்க. நானும் விரலை எடுக்கல. அதுவும் விடல. டீ ஆறிப்போச்சு. எத்தனை நேரம்தான் சுருட்டி வச்சுக்கும்? கடைசியில வலி தாங்காம விட்டுச்சு. விரல் வந்து முட்டிச்சு பாரு!"

காரணம் இதுதான். பள்ளியில் சேர்க்க வந்த அன்று அப்பா இதே ஊர்க் கடையில் வாங்கிக் கொடுத்த ஷூ அது. கடைக்காரியை விலக்கிவிட்டு அவரே மண்டிபோட்டுக் கயிறு கட்டியிருக்கிறார். அன்று மாலையே விமானம் ஏறிவிட்டார். புது ஷூ வந்தால் பழையதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று அந்தப் பெண்ணுக்குப் பயம்.

டிலிஸ் அவளோடு பேரம் பேசி முடித்துவிட்டாள். சௌலேயின் அளவு கடையில் இருப்பு இல்லை, வரவழைக்கச் சொல்லியாயிற்று. வந்ததும் பள்ளிக்கே கொண்டுபோய் மாட்டிவிட்டு, பழையதை வாங்கி வந்து, சந்தைத் தெருவில் ஷூ தைக்கும் கிளிஃபிடம் கொடுத்து, வாய் பிளந்திருக்கும் சோலைத் தைத்து, அவள் பெட்டியிலேயே வைத்துவிட வேண்டும்.

"போட்டுக்க முடியாத ஷூவுக்கு எதுக்கும்மா சோல்?"

"போட்டுக்கறதுக்கு இல்லடி, வச்சுக்கறதுக்கு. வச்சுக்கற பொருள் பல்லைக் காட்டிக்கிட்டா இருக்கறது?"

செவ்வாய்க்கிழமை காலை தோட்டத்தில் துணி காயப்போடும்போது டிலிஸ் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலி தாண்டி ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கொடியில் தலையணை உறைகள் பாதி தொங்கின, மீதி கூடையில் இருந்தன.

கேரிஸ் அந்த வீட்டிலேயே தங்கினாள். செய்ய வேண்டியதைச் செய்தாள். மாடியில் ஒரு படுக்கைக்கு உறை மாற்ற வேண்டியிருந்தது. உட்புறத்தைத் திருப்பி, சுருட்டி, விரித்தாள். ஒரே ஆளால் செய்ய முடிந்தது. விரித்த போர்வையின் மேலேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவின் ஃபோன் ஒலித்தது. ஷூ கடை ரோவேனா.

"டிலிஸ், உன் பெட்டி வந்து ரெண்டு நாளாச்சு. நான் என்ன, என் காலிலே போட்டுக்கவா?"

கேரிஸ் விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் ரோவேனா எதன் மீதோ உட்காரும் சத்தம் கேட்டது. "அடக் கடவுளே," என்றாள். பிறகு, "அந்தப் பொண்ணு?" என்றாள்.

நிறுவனம் அதற்குள் ஷ்ரூஸ்பரியில் வேறொரு கார்டியனைப் பார்த்துவிட்டிருந்தது. நல்ல மனிதர் என்றார்கள். அவர் சௌலேயைப் பார்ப்பது அடுத்த முறை விடுதி பூட்டும்போதுதான். சரிபார்க்கப்பட்டவர்கள் பட்டியலில் கேரிஸ் இல்லை. பிள்ளையை வெளியே கூட்டிப்போக முடியாது. பெட்டியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பள்ளியில் சொன்னார்கள்.

"போட்டுப் பாக்கணும்," என்றாள் கேரிஸ். "அஞ்சு நிமிஷம்."

அடுத்த வாரம் புதன்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில், பார்வையாளர் அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு விடுதிக் காப்பாளர் மிஸ் ஆஷ்வொர்த் ஓரமாக நின்றார். சௌலே வந்தாள். உயரமான பெண். பழைய ஷூவின் பின்பக்கத்தை மிதித்து மடக்கி, செருப்பு மாதிரி போட்டிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தவள் கேரிஸின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

"உங்களுக்கு அழுத்திப் பாக்கத் தெரியுமா?"

"தெரியாது. சிக்னல் பாக்கத்தான் தெரியும்."

"டிலிஸ் சொன்னாங்க. ரயிலை நிக்க வைக்கிற வேலைன்னு."

"ஓட வைக்கிற வேலையும்தான்."

கேரிஸ் மண்டிபோட்டுப் புது ஷூவை மாட்டிவிட்டாள். புதுத்தோல் விறைப்பாக இருந்தது. முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். உள்ளே காலியாக இருந்தது. தாராளமான இடம். அவளுக்குச் சந்தேகம் வந்தது. விரலை எடுக்கவில்லை.

"சுருட்டலை," என்றாள் சௌலே.

கேரிஸ் காத்திருந்தாள்.

"நிஜமா சுருட்டலை. வேணும்னா பாருங்க." உள்ளே விரல்கள் அசைந்தன. தூரத்தில், தோலுக்கு அடியில், சின்னதாக ஏதோ நகர்ந்து நின்றது. கேரிஸ் தலை குனிந்தபடியே இருந்தாள். மிஸ் ஆஷ்வொர்த் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பழைய ஜோடியை யாரும் கேட்கவில்லை. கேரிஸ் எழுந்தாள், கதவுவரை போனாள். அப்புறம்தான் சௌலே கூப்பிட்டாள். பழைய ஷூவைப் புதுப் பெட்டியில், தாளைக்கூடச் சரியாக மடித்து வைத்திருந்தாள். மூடியை மூடினாள். கொடுப்பதற்கு நீட்டினாள், கை விடவில்லை.

"டிலிஸ் தைச்சுக் குடுக்கறேன்னு சொன்னாங்க."

"தெரியும். எங்கிட்ட சொன்னாங்க."

"தூக்கிப் போட்டுட மாட்டீங்களே?"

"மாட்டேன். தைச்சுட்டு நானே கொண்டு வர்றேன்."

அப்போதுதான் விட்டாள்.

கேரிஸ் பெட்டியை அம்மாவின் காரில் முன்சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டாள். ரவுண்டானா வரைக்கும் சட்டத்தை மீறவில்லை. அதைத் தாண்டியும் பிஸ்கட் டப்பாவைத் திறக்கவில்லை.

சந்தைத் தெருவில் கிளிஃபின் கடை பூட்டியிருந்தது. புதன்கிழமை அரை நாள். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. கேரிஸும் இங்கே பிறந்தவள்தான், மறந்துவிட்டாள். டிலிஸாக இருந்தால் காலையிலேயே வந்திருப்பாள். கண்ணாடிக்குப் பின்னால் தைத்து முடித்த ஷூக்கள் ஒவ்வொன்றும் ஒரு சீட்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றன.

அன்று இரவே அவளுக்குத் தண்டவாளத்தில் முறை. மறுபடி எப்போது வர முடியும் என்று தெரியவில்லை. காருக்குள் வந்து உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, ஒரு ஷூவை மடியில் வைத்துக்கொண்டாள். சோல் முன்பக்கம் பிளந்திருந்தது. கயிற்றில் யாரோ போட்ட இரட்டை முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். தோல் கடைசிவரை உள்ளே போயிற்று.

விரலை எடுக்காமல் காத்திருந்தாள்.