சுழன்றும் தெரியாத சிடி

கணினியைப் பிரித்து மேய்வதில் தனக்கு மிஞ்சி அந்தத் தெருவில் ஆளில்லை என்று மூத்த மருமகள் நினைத்திருந்தாள். பழுது பார்க்கும் கடையே வைத்திருப்பவள் அப்படி நினைத்ததில் தப்பில்லை. கொழுந்தன் மனைவி வந்து சேரும்வரை வீடும் அப்படித்தான் நினைத்தது. வந்தவளுக்கும் அதே படிப்பு. போதாக்குறைக்குச் சிரித்த முகம். இப்போது செல்போன் மக்கர் செய்தால்கூட, "சின்னவளைக் கூப்பிடு" என்றுதான் எல்லோருக்கும் வாயில் வந்தது. பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

மாமனாரின் முழங்கால் ஆபரேஷனுக்கு முன்னால் பழைய ஸ்கேன் படங்களை அனுப்பும்படி மருத்துவர் கேட்டிருந்தார். படங்கள் ஒரு சிடியில் இருந்தன. வீட்டுக் கணினியில் போட்டால் சிடி சுழலும் சத்தம் கேட்டது. திரையிலோ சிடி டிரைவ் என்ற ஒன்றையே காணோம்.

"டிரைவர் கோளாறு மாமா. இதை ஓட்டுற சாப்ட்வேருக்கு அப்படித்தான் பேரு," என்றாள் பெரியவள்.

காலமெல்லாம் லாரி ஓட்டியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டிரைவர் சரியில்லைன்னா என்னைக் கூப்பிட வேண்டியதுதானே? சரி, உன் கடையில போட்டுப் பாத்துடேன்."

கடையில் போட்டால் காரியம் சட்டென்று முடிந்துவிடும். ஆனால் சின்னவள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணெதிரே தோற்றுப்போய் எழுந்து போவதா?

கேபிளை மாற்றினாள். டிரைவரை அழித்து, கணினியை அணைத்துப் போட்டாள். கடையிலிருந்து வேறொரு டிரைவ் கொண்டுவந்து மாட்டினாள். அதுவும் தெரியவில்லை.

"அக்கா, சிடி எழுதுற சாப்ட்வேர் எதையாவது அழிச்சா, அதோட மிச்சம் டிரைவர்மேல ஒட்டிக்கிட்டு வழியை மறிக்கும். அதுவா இருக்குமோ?"

"எனக்குத் தெரியாதா? அதைத்தான் பாக்கப்போறேன்."

அவளுக்கு அது தோன்றவே இல்லை. சின்னவள் துணி காயப்போட மாடிக்குப் போனதும், கணினியின் உள் அமைப்புகளை அவசரமாகத் திறந்து பார்த்தாள். சொன்னது போலவே இரண்டு வரிகள் மிச்சமிருந்தன, பாட்டுகளை சிடியில் பதியும் ஒரு சாப்ட்வேரின் பெயரோடு. போன வாரம் இதில் பாட்டுப் பதிந்தது யார்? சின்னவளேதான்! அழித்தவளும் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

பெரியவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அந்த வரிகளை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி கிளப்பினாள். டிரைவ் தெரிந்தது, முழங்கால் படங்களும் வந்தன. அவற்றை மருத்துவருக்கு அனுப்பிவிட்டு, எல்லோரும் டீ குடிக்க உட்காரும்வரை வாயை அடக்கிக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் முன்னாலும் போட்டு உடைக்க வேண்டும்.

"இந்தக் கோளாறு எப்படி வந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தாள்.

"என்னாலதான்!" என்று சின்னவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "பாட்டுப் பதிஞ்சுட்டு அந்த சாப்ட்வேரை நான்தான் அரைகுறையா அழிச்சுட்டேன். துணி காயப்போடறப்பதான் ஞாபகம் வந்துச்சு. நல்லவேளை, அக்கா கண்டுபிடிச்சுட்டாங்க."

வீடு கொல்லென்று சிரித்தது.

"செஞ்சதை ஒத்துக்கிட்டா பாரு, அதுக்கே ஒரு மனசு வேணும்," என்றார் மாமனார், சின்னவளைப் பார்த்து.

பெரியவளின் டீ ஆறிக்கொண்டிருந்தது. திட்டுவதற்குக்கூடச் சின்னவள் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

"அந்த மிச்சம் உள்ள எங்கக்கா இருந்துச்சு? எனக்கும் காட்டுங்களேன்," என்று சின்னவள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"அப்புறம் பாக்கலாம்," என்று பெரியவள் எழுந்து உள்ளே போனாள்.