ஆம்பூர்க்காரர் தின்ற சாலட்

அக்காவுக்கு அமெரிக்காவில் நர்ஸ் வேலை கிடைத்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். அமெரிக்காவுக்கு அவர் போனதில்லை. ஆனால் அங்கிருப்பவர்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. பக்கத்து வீட்டில் செத்தாலும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், பிள்ளை வளர்ந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள், மனுஷர்மேல் பாசமே கிடையாது. அன்றிலிருந்து அக்கா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள்.

ஷூ கம்பெனியில் வேலை பார்த்த சித்தப்பா, அந்தச் சமயம் ஒரு கண்காட்சிக்காக அமெரிக்கா போய்த் திரும்பினார். அப்பா அவரை ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு அழைத்தார். தன் கட்சிக்குச் சாட்சி கிடைத்த தெம்பு அப்பாவுக்கு.

“இன்னாடா, நான் சொன்ன மாதிரிதான அந்த ஊரு ஆளுங்க?”

“அப்டியும் இருக்காங்கண்ணா. எதிர்ல வர்றவன்லாம் எப்டி இருக்கன்னு கேப்பான். நான் நின்னு பதில் சொல்றதுக்குள்ள போய்ட்டிருப்பான்.”

அப்பா திருப்தியாகத் தலையாட்டினார். சித்தப்பா நிறுத்தவில்லை.

ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டுப் பனியில் நின்றவரை, கை முழுக்கப் பச்சை குத்திய ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டாராம். இந்தியர் என்றதும், கெட்டுப்போன லேப்டாப்பைத் தூக்கி மடியில் வைத்துச் சரிபண்ணச் சொல்லியிருக்கிறார். தோலைத் தடவிப் பார்த்தே காலம் கழித்த சித்தப்பா, இரண்டு பட்டனை அழுத்திவிட்டு உதட்டைப் பிதுக்கினாராம். பிறகு வழிக்கடை ஒன்றில், இந்தியர்கள் கறி தொட மாட்டார்கள் என்று, இவருக்காகப் பெரிய கிண்ணத்தில் சாலட் வாங்கி வந்திருக்கிறார் அந்த மனிதர்.

அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. “ஆம்பூர்க்காரன் எலதழ தின்னியா? கறி தின்னுவேன்னு சொல்றதுக்கு இன்னா?”

“எப்டிண்ணா சொல்றது? தான் மட்டும் கறி தின்னா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்னு, அவனும் அதையே வாங்கித் தின்னுனுகீறான்.”

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. பிறகு அக்காவைப் பார்க்காமலே கேட்டார்:

“பாஸ்போர்ட்டுக்கு எப்போ போவணும்?”

கை கழுவ எழுந்திருந்த அக்கா அப்படியே உட்கார்ந்தாள். அம்மா அவள் தட்டில் மறுபடி சோறு போட்டு, சட்டியில் இருந்ததிலேயே பெரிய துண்டைத் தேடி எடுத்து வைத்தார். அக்கா அழுதுகொண்டே அத்தனையும் சாப்பிட்டாள். எனக்கு மட்டும் ஏன் சின்னத் துண்டு என்று நான் சண்டை பிடித்தேன். அதற்கு எல்லோரும் ஏன் சிரித்தார்கள், சிரித்தபடியே அம்மா ஏன் முந்தானையால் கண்ணைத் துடைத்தார் என்பதெல்லாம் அன்று எனக்கு விளங்கவில்லை.