எண்ணூர்ச் சாலையில் எங்களை முந்திய சக்கரம்

பழைய காரில் எண்ணூருக்குக் கடலோரமாகப் போய்வர வழி கேட்கிறீர்கள். ஐம்பதுகளில் நான் போய்வந்ததைச் சொல்கிறேன். 

அக்காவுக்கு ஒன்பதாம் மாதம். பிரசவத்துக்கு அவளை எண்ணூரிலிருந்து ராயபுரத்து அம்மா வீட்டுக்கு அழைத்துவரப் போயிருந்தேன். எட்டு மைல்தான். வாடகைக் கார் ஓட்டியவர் எங்கள் குப்பத்து மாணிக்கம் அண்ணன். பன்னிரண்டு மணி ராகு காலத்துக்குள் வீடு சேர வேண்டும் என்று பத்தரைக்கே கிளம்பினோம்.

திருவொற்றியூரை நெருங்கும்போது கார் இடப்பக்கம் படக்கென்று சாய்ந்தது. ஒரு சக்கரம் எங்களைத் தாண்டி உருண்டு போனது. யாருடையதோ என்றுதான் பார்த்தேன். மணலில் ஏறி அது விழுந்த பிறகே எங்களுடையது என்று உறைத்தது. அக்கா வயிற்றைப் பிடித்தபடி சத்தமே போடவில்லை. எனக்கு அதுதான் பயம்.

பக்கத்துப் பட்டறையிலிருந்து வந்த பாய், அச்சைத் தொட்டு மோந்து பார்த்தார்.

"இன்னா நைனா, வண்டிக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டினியா?"

"உப்புக் காத்துல துரு புடிக்கும்னு கயட்டி மீனெண்ணெ தடவினேன் பாய்," என்றார் மாணிக்கம் அண்ணன். "எங்க படகுக்கு இதான்."

"படகு மெதக்கணும். இதுல சக்கரம் அச்சைக் கவ்வணும்."

அச்சை மண்ணெண்ணெயில் துடைத்துக் காயவிட்டார். சக்கரத்தை ஏற்றிப் புது நட்டு போட்டு, ஸ்பேனரில் குழாய் செருகி, நட்டிலிருந்து இரண்டடி தூரத்தில் நூறு ராத்தல், அதாவது நாற்பத்தைந்து கிலோ, உப்பு மூட்டையைத் தொங்கவிட்டார். மூட்டை அதற்கு மேல் இறங்காமல் நின்றால் இறுக்கம் சரியாம். குறைந்தால் கழலும், மிஞ்சினால் மரை போகும். ஐந்தாவதுதான் படித்தேன், ஆனாலும் இரண்டடியை நூறு ராத்தலால் பெருக்கி இருநூறு என்று அவருக்கு முன்னால் கணக்குச் சொல்லிவிட்டேன். நட்டு கழலாமல் பூட்டும் 'பின்' கம்பிக்கான துளை நேராக வராதபோது இன்னும் கொஞ்சம் இறுக்கினாரே தவிர, தளர்த்தவில்லை.

மாணிக்கம் அண்ணன் நேரமாகிறது என்று வண்டியில் ஏறினார். வலப்பக்கமும் எண்ணெய் தடவினீர்களா என்று கேட்டேன்.  அதையும் பார்த்தால்தான் அக்கா ஏறுவாள் என்று நின்றுவிட்டேன். பாய் அந்தப் பக்கத்துப் 'பின்' கம்பியை உருவினார். நட்டு அவருடைய இரண்டு விரலுக்கே சுழன்றது. அக்கா அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலேதான் உட்கார்ந்து வந்திருந்தாள். மாணிக்கம் அண்ணன் சாலை ஓரத்திலேயே குந்திவிட்டார்.

அதையும் துடைத்து இறுக்கிவிட்டு வீடு சேரும்போது ராகு காலம் பாதி ஓடியிருந்தது. அம்மா வாசலிலேயே திட்ட ஆரம்பித்தாள். அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

ஒரு பக்கம் கழன்றால் மறுபக்கத்தையும் திறந்து பாருங்கள். நேரமாகிறது என்று யார் அவசரப்படுத்தினாலும் அதுவரை வண்டியில் ஏறாதீர்கள்.