சிவப்புப் புள்ளி வைத்த வால்வுகள்

கடைக்காரர்களை நான் நம்புவதில்லை. பால் பாக்கெட்டைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குகிறவன். மெக்கானிக் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் எங்கள் கேசட் செட்டின் பழைய வால்வு ப்ரீஆம்பை இரும்புலியூர் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போகும் முன், அதற்குள் கண்ணாடிக் குமிழ்களாக நிற்கும் நான்கு வால்வுகளின் தலையிலும் மனைவியின் நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தேன். அந்தக் காலத்து வால்வுகளுக்கு இப்போது ஏகக் கிராக்கி. அவற்றைக் கழற்றிக்கொண்டு வேறு எதையாவது சொருகிவிட்டால் யாருக்குத் தெரியும்?

"அந்த மனுஷன் பாவங்க" என்றாள் மனைவி. தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் குரல் கரகரவென்றுதான் வருகிறது. சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் அசைக்கிறாள்.

அவள் பாடியது என்று எங்களிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு கேசட். கல்யாணமான புதிதில் வாடகை வீட்டில் நான் பதிவு செய்தது. அதைப் போட்டால் பாட்டை அமுக்கிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வரும். கேசட் டெக்கிலிருந்து வரும் மெல்லிய சத்தத்தை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் இந்த ப்ரீஆம்பில்தான் கோளாறு. கடைக்காரர் திறந்து பார்த்ததும் சொன்னார்: "கண்டன்சர் எல்லாம் காஞ்சி போய்க் கீது சார். மாத்திட்டா க்ளியரா பாடும். வால்வு நல்லாத்தான் கீது."

வால்வு நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்ன விதமே எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன்.

"ஒரு வாரம் உக்காந்துகினு இருப்பீங்களா?" என்றார்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். கழற்றிய பழைய கண்டன்சர்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, நான் கேட்காமலே கொடுத்தார். அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்தேன். நான்கு வால்வுகளும் பளபளவென்று இருந்தன. புள்ளி ஒன்றுகூட இல்லை.

"மொதல்ல போட்டுக் கேளுங்களேன்" என்றாள் மனைவி. நான் காதில் வாங்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய், கடையில் நான்கு பேர் நிற்கும்போதே, "என் வால்வு எங்க?" என்று கத்தினேன்.

அவர் செல்போனை எடுத்துக் காட்டினார். எந்தப் பெட்டி வந்தாலும் திறந்தவுடன் படம் எடுத்து வைத்துவிடுவாராம். படத்தில் என் வால்வுகள், என் சிவப்புப் புள்ளிகள். ஒன்றின் பக்கவாட்டில் பாதி அழிந்த எழுத்து.

"வூட்ல போய் அந்த எழுத்து கீதான்னு பாருங்க. பாலிஷு சூட்ல கருகி நாறும் சார், அதான் தின்னர் போட்டுத் தொடைச்சேன்" என்றார். "உங்கள மாதிரி ஆளுங்களுக்காவத்தான் படமே எடுக்கறேன்."

நின்றவர்கள் சிரித்தார்கள். எரிச்சலோடு திரும்பி வந்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். எழுத்து இருந்தது. எழுத்தைக்கூட யாராவது புதிதாக அச்சடித்திருக்கலாமே என்று அப்போதும் தோன்றியது.

நான் யோசித்துக்கொண்டு நிற்கையில் அவளே ஒயர்களைச் செருகிக் கேசட்டைப் போட்டுவிட்டாள். இரைச்சல் இல்லை. ஆனால் பாட்டும் உடனே வரவில்லை. இத்தனை வருஷமாக இரைச்சலுக்கு அடியில் கிடந்த ஒரு பேச்சு வந்தது. என் குரல்தான்.

"கதவத் தாழ்ப்பாள் போட்டியா? ரிக்கார்டர யாராவது தூக்கிட்டுப் போயிடப் போறாங்க."

"நீங்கதானே நாலு தடவ பாத்தீங்க!" என்றது அவளுடைய பழைய குரல். பிறகு அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன். அது அடங்கியதும் பாடத் தொடங்கினாள்.

"அப்பவே இப்படித்தான்" என்று பக்கத்தில் கரகரத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பாட்டு முடியும்வரை இரண்டு பேரும் அசையவில்லை. முடிந்ததும் என் போனில் கடைக்காரர் நம்பரைப் போட்டுக் கையில் கொடுத்தாள்.

கடைக்காரர் எடுத்ததுமே கேட்டார்: "இப்ப இன்னா சார் காணோம்?"

எல்லாம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டுப் போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டினேன்.