என் அலறலைப் படம் எடுத்தவள்

எனக்கு வயது அறுபத்தெட்டு. வளர்த்தது ஏழு பேர். நான்கு என் வயிற்றில் பிறந்தவை, மூன்று என் தங்கை செத்தபோது விட்டுப்போனவை. ஏழும் சோறு தின்று உருப்படியாக இருக்கின்றன. ஆனால் ஏழில் ஒன்றுக்கும் என் கண் வரவில்லை. பார்வையைச் சொல்லவில்லை. ஓர் இடத்தில் நின்றால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிகிற கண். அது எனக்கு இருக்கிறது. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவள் நான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவிப் போவோம். பிடித்த இறாலைப் போட ஓலையில் பின்னிய பறி ஒன்று உண்டு. அதைப் பல்லால் கடித்துக்கொள்வோம், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே. வாயில் பறி இருக்கும்வரை பேச்சு கிடையாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து பாதி நாளை வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டே கழித்தவளுக்குக் கண் வராமல் போனால்தான் அதிசயம்.

போன் என் இளைய மகள் தந்தது. புதிது வாங்கியதும் மூலை உடைந்த பழையதை என் மடியில் போட்டாள். என் மூத்த மகனின் பெண், பொன்னேரியில் காலேஜ் படிக்கிறவள், எங்கே தொட வேண்டும் என்று காட்டினாள். பிறகு அவளே இன்டர்நெட்டில் படமும் எழுத்தும் போட ஒரு பிளாக் தொடங்கித் தந்தாள். எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், அவ்வளவுதான். அதனால் நான் பேசுவேன், போன் எழுதிக்கொள்ளும், பேத்தி பிழை திருத்திப் படத்தோடு போடுவாள். முதலில் படித்தவர்கள் எல்லாரும் முகம் தெரியாதவர்கள். ஊர்க்காரர்கள் பிறகு வந்தார்கள், சிரிப்பதற்கு.

முதல் போனை ஏரி தின்றது. அடுத்ததை அதே மகள் வசவோடு தந்தாள். அன்றிலிருந்து கண்ணாடிக் கவரில் போட்டு, வலை நூலால் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன். மற்ற பழக்கங்களும் இப்படி ஒவ்வொன்றாகப் பட்டுப் பட்டு வந்தவைதான். எடுக்கும் முன் கேட்பேன், எடுத்த பின் காட்டுவேன். அழி என்றால் அவர்கள் கண் முன்னாலேயே அழிப்பேன். தண்ணீரில் பெண்கள் சேலையைத் தொடை வரை தூக்கிச் செருகியிருப்பார்கள், அதனால் இடுப்புக்குக் கீழே எடுப்பதில்லை. இறால் இன்று எங்கே கிடைத்தது என்று சொல்வதில்லை. நான் கரையேறி வீடு சேர்ந்த பிறகுதான் படம் வெளியே போகும். பட்டணத்துப் போட்டோக்காரர்களுக்கும் இந்தப் பழக்கமெல்லாம் உண்டு என்கிறாள் பேத்தி. இருக்கட்டும்.

என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் புருஷனின் தம்பி பெண்டாட்டி. வீட்டுக்கு வீடு நடுவே ஒரு வேலிதான். தண்ணீரில் எனக்குப் பக்கத்து ஆள், எப்போதும். பிளாக் தொடங்கிய புதிதில் ஒரு நாள் தலை சீவி, பூ வைத்து, பவுடர் போட்டு வந்து நின்றாள்.

“அக்கா, என்ன ஒரு போட்டோ எடு.”

போனைத் தூக்கிப் பார்த்தேன். இறக்கினேன்.

“உன் மூஞ்சி செரியில்லடி. கை நல்லாக்கீது. கைய காட்டு.”

உண்மையைச் சொன்னேன். சேறும் சிப்பி ஓடும் முள்ளும் கிழித்துக் கிழித்து ஆறிய கை அது. அந்தப் படத்தை நிறையப் பேர் பாராட்டினார்கள். ஓரகத்தி பாராட்டவில்லை. கரையில் இறாலைப் பிரிக்கும்போது மற்றப் பெண்கள் விடுவார்களா?

“இன்னாடி, உன் கை மட்டும் பட்டணம் போயிடுச்சாமே. மூஞ்சிக்கு எப்ப டிக்கெட்டு?”

எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் அவள் மகனிடம் அழுது ஒரு போன் வாங்கினாள். என்னைப் போலவே கவரில் போட்டு, என்னைப் போலவே வலை நூலால் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டாள். ஆனால் ஒரு படமும் எடுத்து நான் பார்த்ததில்லை.

போன பனிக்காலத்தில் யாரோ விட்டுப்போன வலையில் ஒரு கூழைக்கடா சிக்கிக்கொண்டது. ஒரு றெக்கை முறிந்து பின்பக்கம் திரும்பிக் கிடந்தது. கீழ்வெயில் அதன் அலகுப் பைக்குள் புகுந்து, பை முழுக்க வெளிச்சமாக இருந்தது. நான் நின்றேன். ஓரகத்தி பக்கத்தில் இருந்தாள்.

“அக்கா, அறுத்து உட்லாம்க்கா. கத்தி கீது.”

“இருடி. கை ஆடினா படம் ஆடும்.”

நாங்கள் கிட்டே போனபோது அது செத்திருந்தது. றெக்கை போன பறவை எப்படியும் பிழைக்காது. நான் எடுத்ததிலேயே அதிகம் பேர் பார்த்த படம் அதுதான். ஒருவர் மட்டும் கீழே, ‘படம் எடுத்த கைக்குக் கத்தி கிடைக்கவில்லையா?’ என்று எழுதியிருந்தார். பேத்தியை அதை மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். படத்தை நீக்கச் சொல்லவில்லை.

இந்தக் கோடையில் என் காலில் திருக்கை குத்தியது.

ஏரியில் நடக்கிறவள் காலைத் தூக்கி வைக்க மாட்டாள். சேற்றோடு சேர்த்து இழுத்து இழுத்துத்தான் போவாள். திருக்கை மீன் சேற்றில் தட்டையாகப் படுத்திருக்கும். இழுத்து வருகிற கால் ஓரத்தில் பட்டால் அது ஓடிவிடும். மேலே மிதித்தால் வாலைத் திருப்பி முள்ளால் குத்தும். நடை பழகும்போதே எங்கள் பிள்ளைகளுக்கு இது வந்துவிடும். ஆனால் அன்று காலை தண்ணீர் குறைந்து, அசையாமல், மேகம் முழுக்க அதற்குள் இறங்கிக் கிடந்தது. காலை இழுத்தால் சேறு கலங்கும், மேகம் கலைந்துவிடும். படத்துக்காகக் காலைத் தரையில் நடப்பதுபோல மெதுவாகத் தூக்கி வைத்தேன். அதன் முதுகிலேயே வைத்தேன். வெறும் இறால்காரி அப்படி வைக்க மாட்டாள். வெறும் போட்டோக்காரி அந்தத் தண்ணீரில் இறங்க மாட்டாள்.

நான்கு பிரசவத்திலும் கத்தாதவள் நான். அன்று கத்தினேன். “ஐயோ நைனா! நைனா!” என் அப்பா செத்து எத்தனையோ காலம். பல்லிலிருந்த பறி விழுந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன், சேலை தொடைக்கு மேலே போய்விட்டது. மற்றப் பெண்கள் தூரத்தில் இருந்தார்கள். ஓரகத்தி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். அவளைப் பார்த்து மறுபடியும் கத்தினேன். அவள் இரண்டு முழங்கையையும் விலாவில் அழுத்தி, போனை இரண்டு கையாலும் பிடித்து நின்றாள். நான் எப்படி நிற்பேனோ அப்படியே. அது எனக்கு வலியோடு வலியாக நன்றாகத் தெரிந்தது. எடுத்து முடித்து, போனைக் கவருக்குள் போட்டு, கவரின் வாயை மூடிய பிறகுதான் வந்து என் அக்குளில் கை கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் காலைச் சுடுநீரில் வைத்துக்கொண்டு கிடந்தேன். அவள் எடுத்தது வீடியோ. நான் ஊருக்குத் திரும்பும் முன்னே அது ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. பயல்கள் என் கத்தலை மட்டும் வெட்டி எடுத்து ரிங்டோனாக வைத்துக்கொண்டார்கள். டீக்கடையில், பொன்னேரி பஸ்ஸில், படகில், எங்கே போன் அடித்தாலும் “ஐயோ நைனா”. ஒருவன் என் வாசலிலேயே வந்து நின்றான்.

“ஆயா, இன்னொரு வாட்டி கத்தேன். சவுண்டு செரியா விழல.”

“உன் ஆத்தா உன்னப் பெத்தப்ப கத்துனா பாரு, அத்தப் போய் வையிடா.”

போய்விட்டான். ஆனால் ஒருவனை விரட்டி என்ன ஆகும்?

என் மூத்த மகன் லைட்ஹவுஸ் குப்பத்தில் பைபர் படகில் போகிறவன். கடலில் அவன் கூட வந்தவனின் போன் அடித்ததாம், அதற்குள்ளிருந்து இவனைப் பெற்ற நான் அலறினேனாம். வீட்டுக்கு வந்தான். ஒன்றும் கேட்காமல் என் கழுத்து நூலை அறுத்து, போனைப் பீரோவில் வைத்துப் பூட்டினான். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டான்.

“இனிமே போட்டோவும் இல்ல, பிளாக்கும் இல்ல. தொடையக் காட்டிக்கினு கத்தறத ஊரே பாக்குது. என் மானம் போச்சு.”

“உன் மானம் என் தொடையிலயாடா இருந்துச்சு?”

மருமகள் சிரிப்பை அடக்க உள்ளே ஓடினாள். அவன் சாவியைத் தரவில்லை. அன்று முதல் காலையில் ஏரியைப் பார்த்துக்கொண்டு வெறும் கையோடு உட்கார்ந்திருந்தேன். காலைவிட அந்தக் கைதான் எனக்கு அதிகம் வலித்தது. எனக்கென்று இந்த வயதில் வந்த ஒன்று அது. அதை ஒருவன் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறான்.

வீக்கம் வடிந்ததும் வேலியைத் தாண்டிப் போனேன். ஓரகத்தி வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாடி, நான் சாவறப்ப படம் புடிச்சியா?”

“சாவலியே.”

“பக்கத்துலதான நின்னே. கைய குட்த்திருந்தா இன்னா?”

“கை ஆடினா படம் ஆடும்னு நீதானக்கா சொன்னே.” தலை நிமிரவில்லை. “அந்தக் கூழைக்கடா சாவறப்ப நீ நின்னே. நீ கத்தறப்ப நான் நின்னேன். அதுக்கு நைனான்னு கூப்புட வாயில்ல, அவ்ளோதான்.”

இன்னொரு இறாலை எடுத்து உரித்தாள்.

“வீடியோல உன் மூஞ்சி நல்லாக்கீதுக்கா. எனுக்குத்தான் மூஞ்சி செரியில்ல.”

“காட்டு.”

என் கையில் தரவில்லை. தன் கையிலேயே வைத்துக் காட்டினாள். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறது. என்னை இடது ஓரத்தில் வைத்திருக்கிறாள். வலது பக்கம் முழுக்கத் தண்ணீர், அதில் என் பறி கவிழ்ந்து மிதந்து போகிறது, இறால் ஒவ்வொன்றாகத் துள்ளித் தப்பிக்கின்றன. பின்னால் சின்னச் சின்னதாகப் பெண்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி வருகிறார்கள். பறி போக இடம் விட வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னது? கை ஒரு இடத்தில்கூட ஆடவில்லை. நான் எடுத்த அத்தனையிலும் இப்படி ஒன்று இல்லை. திருக்கை குத்தியதுகூட இப்படி எரியவில்லை.

“என்னக் கேட்டியா? எடுத்துட்டு எனுக்குக் காட்டுனியா?”

“கேட்டா எடுக்க உட்டிருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான்.”

“என் பேத்தி போனுக்கு அனுப்பு.”

“இன்னாத்துக்கு? போலீசுக்குப் போறியா?”

“அனுப்புடி.”

அனுப்பினாள். பேத்தியோ, பிளாக் என் போனில்தான் திறக்கும், அப்பா சாவி தராமல் நடக்காது என்றாள். நொண்டிக்கொண்டே லைட்ஹவுஸ் குப்பம் கரைக்குப் போனேன். மகனும் அவன் ஆட்களும் மணலில் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சாவியக் குடு.”

“வூட்டுக்குப் போம்மா.”

“குடுக்கறியா, இல்ல கத்தட்டா?”

ஆட்கள் சிரித்தார்கள். நான் மணலில் காலை ஊன்றி நின்று, தொண்டையைத் திறந்தேன். “ஐயோ நைனா!” முதலில் இன்னும் சிரித்தார்கள். மறுபடியும் கத்தினேன். வலை பின்னுகிற கைகள் நின்றன. போனிலிருந்து வந்தால் அது வேடிக்கை. எதிரே ஒரு கிழவியின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு வந்தால் வேறு. “கேளுங்கடா! நேர்லயே கேளுங்க! சவுண்டு செரியா விழுதா?” என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு முறை கத்தினேன். பக்கத்துப் படகிலிருந்து ஆட்கள் இறங்கி ஓடி வந்தார்கள், யாரோ செத்துவிட்டார்கள் என்று.

“குட்ருடா டேய்,” என்றான் வயதான ஒருவன்.

மகன் கயிற்றோடு அறுத்து மணலில் எறிந்தான். “நீ எனுக்கு அம்மாவே இல்ல.”

குனிந்து எடுத்துக்கொண்டேன். அத்தனை கத்தலுக்கும் நைனா வரவில்லை, சாவி வந்தது. இப்போது அவன் என்னோடு பேசுவதில்லை. முன்பும் பெரிதாக ஒன்றும் பேசியவன் இல்லை.

இன்று அந்த வீடியோவைப் போடுகிறோம். இடுப்புக்குக் கீழே வெட்டிவிடலாம் என்றாள் பேத்தி. வெட்டிப் பார்த்தோம். பறியும் இறாலும் வெட்டுப்பட்டுப் போய்விட்டன, கத்துகிற வாய் மட்டும் மிச்சம். படத்தில் இருப்பவளைக் கேட்க வேண்டும் என்பது என் பழக்கம். கேட்டேன். படத்தில் இருக்கிறவள் நான்தானே, சரி என்றேன். முழுசாகவே போகட்டும். கீழே, ஏரியில் காலை இழுத்து நடக்க வேண்டும், படத்துக்காகக்கூடத் தூக்கக் கூடாது என்று எழுதச் சொன்னேன். எடுத்தது யார் என்றும் எழுதச் சொன்னேன்.

இதையெல்லாம் நான் போனில் பேசுவது வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. ஓரகத்தி ஓடி வந்தாள்.

“என்னப் பத்தி இன்னாக்கா எழுதுறே?”

“நீ நல்லா எடுத்தேன்னு எழுதறேன். என்னவிட நல்லா எடுத்தேன்னு.”

அவள் முகம் மலர்ந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது அந்த முகம். நான் போனைத் தூக்கவில்லை.

“நான் கத்தக் கத்த நீ நின்னதையும் எழுதறேன்.”

“எழுதாதக்கா. ஊருல என்ன இன்னான்னு பேசுவாங்க? அழின்னா அழிப்பேதான? அழிச்சிடுக்கா.”

“மூஞ்சி இருந்தாத்தான்டி அழிக்கணும். இதுல உன் மூஞ்சியே இல்லியே.”

வேலியைப் பிடித்தபடி இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள். பேத்தி தலையைக் குனிந்துகொண்டு, “ஆயா, இந்த எடத்த மட்டும் எடுத்துடலாமா?” என்று மெல்லக் கேட்கிறாள். ஒரு எழுத்தும் எடுக்காதேடி. முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. சத்தமாகப் படி, வேலி வரைக்கும் கேட்கட்டும்.